ஹேஸ்ட் டு த வெட்டிங்: இந்த ஜிக் எந்த ஊர்ச் சொத்து?

கேள்வி, ஜனவரி 9

வயலினில் "ஹேஸ்ட் டு த வெட்டிங்" என்ற ஜிக்கை, அதாவது துள்ளலான ஒரு நடன மெட்டை, பழகிக்கொண்டிருக்கிறேன். சொல்லிக்கொடுத்தவர் இது ஆயிரம் வருஷத்துப் பழைய ஐரிஷ் கல்யாண மெட்டு என்றார். தேடிப் பார்த்தால் ஒருவர் ஆங்கிலேய மெட்டு என்கிறார், இன்னொருவர் ஸ்காட்லாந்து என்று அடித்துச் சொல்கிறார். அயர்லாந்துக்காரர்களிடமிருந்து லண்டன்காரர்கள் சுருட்டிக்கொண்டதாகத்தான் எனக்குப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், ஜனவரி 9, இரவு

ஆயிரம் வருஷத்தை முதலில் தள்ளி வையுங்கள். இன்றைய வடிவத்தில் வயலின் உருவானதே 16ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். இந்த மெட்டின் வாசிப்பும் வில் தந்திக்குத் தந்தி தாவுவதை நம்பியே நிற்கிறது. ஆயிரம் வருஷக் கதைக்கு இங்கே இடமே இல்லை.

காகிதத்தில் இருப்பது இதுதான். 1760ஐ ஒட்டி ஜேம்ஸ் ஆஸ்வால்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லண்டனில் வெளியிட்ட "கலிடோனியன் பாக்கெட் கம்பானியன்" தொகுப்பில் இதே மெட்டு "த ஸ்மால் பின் குஷன்" என்ற பெயரில் வருகிறது. கல்யாணப் பேச்சே அதில் இல்லை. 1767இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் "தி எலோப்மெண்ட்" என்று ஒரு பாண்டோமைம், அதாவது பாட்டும் கூத்தும் கலந்த மேடை வேடிக்கை, போட்டார்கள். அதில் இந்த மெட்டுக்குப் பாட்டு எழுதிச் சேர்த்தார்கள். நண்பர்களே, அக்கம்பக்கத்தாரே, கல்யாணத்துக்கு விரைந்து வாருங்கள் என்று கூப்பிடுகிற பாட்டு. இன்றைய பெயர் ஒட்டிக்கொண்டது அங்கேதான். "ரூரல் ஃபெலிசிட்டி" என்ற பெயரிலும் அச்சானது.

ஆக, மெட்டு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கையில் அச்சாகி, லண்டன் நாடக மேடையில் பெயர் வாங்கி, அப்புறம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. அயர்லாந்தும் அதில் ஓர் ஊர்.

ஜனவரி 10

ஆஸ்வால்ட் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதிக்காரர். முதலில் நடனம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார், 1741இல் லண்டன் போனார், அங்கே இசைப் பதிப்பாளர் ஆனார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அரசவை இசையமைப்பாளர் பதவி 1761இல் கிடைத்தது. 1769இல் இறந்தார்.

அவர் தொகுப்பில் ஊரில் கேட்ட மெட்டும் அவரே போட்ட மெட்டும் கலந்துதான் கிடக்கும். தான் போட்டதைப் பெயர் போடாமல் வெளியிடும் பழக்கமும் அவருக்கு உண்டு. அதனால் இதை இயற்றியவர் ஆஸ்வால்ட் என்று நான் எழுதமாட்டேன். அவர் அச்சிட்டார், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதப்பட்ட பக்கங்கள் நிறைய இருக்கின்றன.

ஜனவரி 12

"முதலில் அச்சிட்டவன் ஊர்தான் பிறந்த ஊரா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கோபம். என் முதல் குறிப்பைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

அயர்லாந்து மெட்டுகளுக்கென்று தனியாக அச்சான முதல் தொகுப்பு 1724இல் டப்ளினில் வந்தது. ஜான் நீல், வில்லியம் நீல் என்ற இருவர் போட்டது. மெலிந்த புத்தகம், அதிலும் ஹார்ப் கலைஞர்களின் மெட்டுகள்தான் அதிகம். லண்டனிலோ ஜான் பிளேஃபோர்ட் 1651லேயே நடன மெட்டுகளைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். அது பதிப்பு மேல் பதிப்பாக 18ஆம் நூற்றாண்டு வரை போனது. ஸ்காட்லாந்திலும் அச்சு வேலை செழித்தது. கனவான்கள் வீட்டு நடனத்துக்குப் புத்தகம் தேவை, வாங்கக் காசும் இருந்தது.

அயர்லாந்துக் கிராமத்தில் ஃபிடில் (வயலின்தான்) வாசித்தவருக்குப் புத்தகம் எதற்கு? கேட்டார், வாசித்தார், மகனுக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ காட்டிக்கொடுத்தார். அவர் 1740இல் எதை வாசித்தார் என்பதற்கு எங்கேயும் எழுத்து இல்லை. எழுத்து இல்லை என்பதால் அவர் வாசிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. வாசித்தார் என்றும் சொல்லிவிட முடியாது. அயர்லாந்துக்காக வாதாடுகிறவர்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாவது பாதியை விழுங்கிவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும்.

பிறந்த ஊர் அச்சில் தெரியாது. ஆனால் ஒரு மெட்டு எந்த வருஷத்துக்குள் பிறந்துவிட்டது, எந்தப் பெயரில் திரிந்தது, யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பது தெரியும். அது சின்ன விஷயம் இல்லை.

"சுருட்டிக்கொண்டார்கள்" என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்பது என் வேண்டுகோள். அயர்லாந்தில் இங்கிலாந்து செய்த அட்டூழியங்களுக்குக் குறைவே இல்லை. அதற்கு இந்த மெட்டைச் சாட்சி நிறுத்தினால் வழக்குதான் பலவீனமாகும்.

ஜனவரி 15

சரி, மெட்டுக்குள் போவோம். இவ்வளவு பேசிவிட்டு ஒரு ஸ்வரம் கூடச் சொல்லவில்லை.

டி மேஜர். நம் கணக்கில் டியை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணத்து ஸ்வரங்கள். ஆறு எட்டுத் தாளம், மூன்று மூன்றாக இரண்டு கொத்து சேர்ந்தால் ஒரு பார். எட்டு பார் ஒரு பகுதி, அது இரண்டு தடவை. அடுத்த பகுதியும் எட்டு பார், இரண்டு தடவை. மொத்தம் 32 பார். ஆடுகிறவர்களின் காலுக்காகப் போட்ட கணக்கு இது.

தொடக்கம் ப க ப, ப, அங்கிருந்து ஒரே தாவலில் மேல் ம, மேல் க. அடுத்து மேல் ரி ஸ ரி, க ஸ, கீழே இறங்கி த. அந்தப் பஞ்சமத்திலிருந்து மேல் மத்யமத்துக்குத் தாவுவதில்தான் மெட்டின் முகமே இருக்கிறது. ஃபிடிலில் அந்த ஒரு பாருக்குள் வில் மூன்று தந்திகளைத் தொடும்: க டி தந்தியில், ப திறந்த ஏ தந்தியில், மேல் ம, க இரண்டும் ஈ தந்தியில். மணிக்கட்டு இளகாமல் இது வராது. இளகிவிட்டால் தானாகவே துள்ளும்.

இரண்டாவது பகுதி மேலே போய் உட்காருகிறது: மேல் ப க ப, ப க ப, த ம த, த ம த. நம் தாட்டு வரிசையில் பழகிய கைக்கு உடனே பிடிபடும். நான்காவது விரல்தான் படுத்தும். த சரியாக நிற்கவில்லை என்றால் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்டுவிடும்.

ஜனவரி 16

திஸ்ர நடைதானே என்று கேட்டவருக்கு: எண்ணிக்கையில் ஆமாம். வாசிப்பில் மூன்று ஸ்வரமும் ஒரே நீளம் இல்லை. முதல் ஸ்வரம் ஒரு இழை நீளும், நடு ஸ்வரம் ஒடுங்கும், மூன்றாவது அடுத்த கொத்துக்குள் தள்ளிவிடும். சமமாக அளந்து வாசித்தால் உடனே ஜிக் செத்துவிடுகிறது.

ஜனவரி 21

டோனிகல் பற்றி யாருமே பேசவில்லையே. ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் மெட்டு எப்படிக் கடல் தாண்டியது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் மாவட்டம் அது. நிலம் போதாது. ஆண்களும் பெண்களும் பருவத்துக்குப் பருவம் ஸ்காட்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள், முக்கியமாக உருளைக்கிழங்கு அறுவடைக்கு. வேலை முடிந்த இரவுகளில் கொட்டகைகளில் வாசித்தார்கள், கேட்டார்கள். வீடு திரும்பும்போது கூலியோடு மெட்டும் வந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே என்ற நடன மெட்டு வகை அங்கே கொஞ்சம் மாறி "ஹைலண்ட்" ஆனது. டோனிகலின் பெரிய கலைஞர் ஜான் டோஹர்ட்டி. தகர வேலை செய்த குடும்பம், வீடு வீடாகப் போய் வாசித்தவர், 1980இல் மறைந்தார். ஸ்காட்லாந்து ஃபிடில் மேதை ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னரின் மெட்டுகள் அவர் கையில் தாராளமாகப் புழங்கின. அவர் வாசித்ததைக் கேட்டால் எது எந்தக் கரை என்று பிரிக்க எனக்கு மனசே வருவதில்லை.

மெட்டுகள் நகர்வதற்குப் பதிப்பாளர் மட்டும் காரணம் இல்லை, கூலி வேலையும் காரணம் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு. ஆஸ்வால்டின் புத்தகத்துக்கு வரலாற்றில் ஒரு வருஷம் இருக்கிறது. உருளைக்கிழங்குக் கொட்டகையில் நடந்த பரிமாற்றத்துக்கு வருஷம் கிடையாது. இதனால்தான் நம் வரலாறுகளில் முதலாவது எப்போதும் ஜெயிக்கிறது.

பிப்ரவரி 2

அச்சு எப்போதும் வெளியாள் கையில்தான் இருந்தது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரான்சிஸ் ஓ'நீல் இருக்கிறாரே.

1848இல் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் கப்பலேறி, உலகம் சுற்றி, கடைசியில் சிகாகோ போலீஸில் சேர்ந்தார். 1901 முதல் 1905 வரை அந்த நகரப் போலீஸுக்கே தலைவர். புல்லாங்குழல் வாசிப்பார், ஆனால் ஸ்வரம் எழுத வராது. கேட்ட மெட்டை மனசில் வைத்துக்கொண்டு வந்து வாசித்துக் காட்டுவார், அதே போலீஸில் இருந்த ஜேம்ஸ் ஓ'நீல் எழுதிக்கொள்வார். பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது. 1903இல் வந்த அவர்கள் புத்தகத்தில் 1,850 மெட்டுகள். 1907இல் நடன மெட்டுகளை மட்டும் பிரித்து 1,001 போட்டார்கள். அயர்லாந்தில் அதை வாசிக்கிறவர்களுக்கு இன்றும் அது "அந்தப் புத்தகம்"தான்.

ஓ'நீல் தொகுப்பில் "ஹேஸ்ட் டு த வெட்டிங்" இருக்கிறது. அதை வைத்து, பார், ஐரிஷ்தான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர் தொகுத்தது சிகாகோவில் குடியேறிய அயர்லாந்துக்காரர்கள் கையில் புழங்கிய மெட்டுகளை. அவர்கள் வாசித்தார்கள், அதனால் அது அவர்களுடைய இசை. இந்த அர்த்தத்தில் ஐரிஷ் என்றால் எனக்கு முழுச் சம்மதம். பிறப்புச் சான்றிதழாக அதை நீட்டினால் சம்மதம் இல்லை.

பஞ்சத்துக்கும் வறுமைக்கும் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களின் இசையை, அந்த வீதிகளிலேயே ரோந்து சுற்றிய ஓர் ஆள் உட்கார்ந்து பொறுக்கிச் சேர்த்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. அவர் இல்லாவிட்டால் எத்தனையோ மெட்டு போயிருக்கும்.

பிப்ரவரி 3

"ஐரிஷ் வாஷர்வுமன்" மெட்டாவது நூறு சதவீதம் ஐரிஷா என்று கேட்டிருக்கிறார்கள். பெயரிலேயே ஐரிஷ் இருக்கிறது, உலகத்துக்கே தெரிந்த ஜிக். ஆனால் பிளேஃபோர்டின் 1651 புத்தகத்தில் "டார்கசன்" என்று ஓர் ஆங்கில நடன மெட்டு உண்டு. எட்டே பார், முடிவு என்று ஒன்று இல்லாமல் தொடக்கத்துக்கே திரும்பித் திரும்பிப் போகும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பாருங்கள், சொந்தக்காரர்கள் என்று காதே சொல்லும். குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1911இல் ராணுவ பாண்டுக்கு எழுதிய இரண்டாவது சூட் என்ற இசைத் தொகுதியின் கடைசிப் பகுதி முழுக்க டார்கசன்தான், நடுவில் "கிரீன்ஸ்லீவ்ஸ்" மிதந்து வரும். கேட்டே ஆக வேண்டியது.

யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இதிலும் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

பிப்ரவரி 11

அயர்லாந்தின் கால்வேயில் ஒரு பப்பில் நடக்கும் செஷனுக்கு, அதாவது எல்லோரும் கூடி வாசிக்கும் கூட்டத்துக்கு, நான் வழக்கமாகப் போகிறேன். நேற்று அங்கே இந்த மெட்டை எடுத்துவிட்டேன். இங்கே பேசியதெல்லாம் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் கான்செர்ட்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியம் வாசிக்கும் பெரியவர், கிளேர் மாவட்டத்துக்காரர். எதிரே இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அம்மா, மாரிஸ் என்ற ஆங்கிலக் கிராமிய ஆட்டக் குழுவுக்கு மெலோடியன் என்ற பொத்தான் அக்கார்டியன் வாசிக்கிறவர். அந்த ஆட்டத்திலும் இந்த மெட்டு உண்டு. அவருக்கு மெட்டு நிதானமாகப் போக வேண்டும், ஒவ்வொரு கொத்துக்கும் நடுவில் காற்று வேண்டும், ஆடுகிறவன் குதித்துக் கீழே இறங்க நேரம் வேண்டுமே. பெரியவருக்கு அது நிற்காமல் உருள வேண்டும். முதல் சுற்றில் இரண்டும் இழுபறிதான். இரண்டாவது சுற்றில் அந்த அம்மா கொஞ்சம் விரைவாக வந்தார், பெரியவர் கொஞ்சம் பிடித்து வாசித்தார். மூன்றாவது சுற்றில் மேசையிலிருந்த கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடின.

முடிந்ததும் பெரியவரிடம் இது எந்த ஊர் மெட்டு என்று கேட்டேன். தன் அம்மா வீட்டுச் சமையலறையில் ஆடிய மெட்டு என்றார். அங்கே வீட்டு நடனங்கள் எப்படி ஒடுங்கின என்றும் சொன்னார். 1935இல் வந்த பொது நடன அரங்குச் சட்டம், உரிமம் இல்லாமல் நடனம் வைக்கக் கூடாது என்றது. பாதிரியார்களும் போலீஸும் அதை வைத்து வீட்டுக் கூட்டங்களைக் கூட விரட்டினார்கள். அவர் அம்மா காலத்துக் கதை அது.

இதற்கு அப்புறம் என் ஜனவரி 9 குறிப்பைத் திரும்பப் படித்தேன். வருஷங்கள் எல்லாம் சரிதான், அப்படியே இருக்கட்டும். ஆனால் "அயர்லாந்தும் அதில் ஓர் ஊர்" என்று ஒரு வரியில் கடந்துவிட்டேன். 1767இல் அந்தப் பாண்டோமைம் போட்ட லண்டனில் அந்த நாடகம் இன்று யாருக்கும் நினைவில்லை. மெட்டை இத்தனை தலைமுறை உயிரோடு வைத்திருந்தது சமையலறைகளும், ஆட்டக் குழுக்களும், அமெரிக்காவில் நியூ இங்கிலாந்தில் கான்ட்ரா என்ற வரிசை நடனம் ஆடும் கூடங்களும். யாருடையது என்று கேட்டால் என் மனசு முதலில் போவது அவர்களிடம்தான், ஆஸ்வால்டிடம் இல்லை. ஓர் ஊர் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

பிப்ரவரி 20

பெயரை நம்பக் கூடாது என்பதற்கு வாசிக்கிறவர்கள் நடுவில் புழங்கும் ஒரு கதை. "மாரிசன்ஸ் ஜிக்" எல்லோருக்கும் தெரியும். ஜேம்ஸ் மாரிசன் ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து நியூயார்க் போன ஃபிடில் கலைஞர். அவரோடு வாசித்த கெர்ரி மாவட்டத்து அக்கார்டியன்காரர் டாம் கார்மடியிடம் கேட்டு அந்த மெட்டை எடுத்துக்கொண்டார். கார்மடி வீட்டில் அதற்கு "த ஸ்டிக் அக்ராஸ் த ஹாப்" என்று பெயர், அப்பாவிடம் கற்றது. 1930களில் மாரிசனின் இசைத்தட்டு கப்பலேறி அயர்லாந்துக்கே திரும்பி வந்தது. கேட்டவர்கள் தட்டில் வாசித்தவர் பெயரையே மெட்டுக்கு வைத்துவிட்டார்கள். கார்மடியின் அப்பாவுக்கு மெட்டில் இடமே இல்லாமல் போனது. எனக்கு அது வருத்தம்தான்.

மார்ச் 1

நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்ட தஞ்சாவூர் நண்பருக்கு: இந்த ஜிக்குக்கு இல்லை. ஆனால் இதே உலகத்துக்கு உண்டு. பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் மணலி முதலியார் ஆதரவில் இருந்தபோது ஐரோப்பிய வயலினைக் கற்றார். கோட்டை பாண்டு வாசித்த மெட்டுகள் அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதரின் காதிலும் விழுந்தன. சமஸ்கிருத சாகித்யத்தோடு அவை நோட்டுஸ்வரங்கள் ஆயின. "ஸந்ததம் பாஹிமாம்" பாடினால் பிரிட்டிஷ் அரச கீதம் கேட்கும். "ஜகதீச குருகுஹ" வருவது "லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்" என்ற ஸ்காட்லாந்து ஃபிடில் மெட்டில். ஃபிடில் ரீல் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காவிரிக் கரையில் சங்கராபரணமாகப் பாடப்பட்டது என்றால், டப்ளினுக்கும் லண்டனுக்கும் நடுவில் ஒரு ஜிக் போய்வந்ததில் என்ன ஆச்சரியம்.

மார்ச் 4

கர்நாடக சுருதி வைத்த வயலினில் இதை வாசிக்க முடியுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முடியும். நடு ஸட்ஜத்தை ஆதாரமாக வைத்தால் இரண்டாவது பகுதிக்குக் கை மேலே ஏற வேண்டியிருக்கும், துள்ளல் போய்விடும். அதனால் தடித்த கடைசித் தந்தியின் மந்திர ஸட்ஜத்தை ஆதாரமாக வையுங்கள். அப்போது முதல் பாரின் க கடைசித் தந்தியில், ப அடுத்த தந்தியில் திறந்தபடி, தாவிப் பிடிக்கும் ம, க இரண்டும் அதற்கு அடுத்த தந்தியில். இரண்டாவது பகுதியின் ப மெல்லிய தந்தியில் திறந்தே கிடைக்கும், த முதல் விரலில் வந்துவிடும். முழு மெட்டும் கையை நகர்த்தாமல் அடங்கும். ஒலி கனமாக இருக்கும், அது பரவாயில்லை.

கமகம் வேண்டாம். அயர்லாந்து வாசிப்பில் "ரோல்" என்று ஒன்று உண்டு. ப க ப என்ற கொத்துக்குப் பதிலாகப் பஞ்சமத்தையே நீட்டி, நடுவில் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. விரல் நுனி தந்தியைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். வழுக்கினால் அது ஜாரு, ரோல் இல்லை. முதல் பாருக்கு முன்னால் வரும் எடுப்பு ஸ்வரத்தை மேல்வில்லில் தொடங்குங்கள், அப்போதுதான் கீழ்வில் அழுத்தத்தில் சரியாக விழும். முதலில் ரோல் இல்லாமலே, ஆடும் ஒருவரை மனசில் வைத்துக்கொண்டு, மெதுவாக.